பெரட்டுக்கு வராத பல்பு

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் என்று ஊர் மாறும்; ஆள் மாறமாட்டார். ஐம்பதை ஒட்டிய வயது, தொழிற்சாலையில் டெக்னிஷியன் உத்தியோகம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அடையாள அட்டையில் என்ன பெயர் இருந்தாலும் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'சிஸ்டம் அண்ணன்'. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ஊரே "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கும். இவர் மட்டும், "கொஞ்சம் இருங்க, சிஸ்டம் டவுனு" என்பார்.

அதற்கான அத்தாட்சி வாசலிலேயே கிடைத்துவிடும். ஆட்டோ கேட் பாதி திறந்து நிற்கும். ஒல்லியானவர்கள் ஒருக்களித்து நுழையலாம். மற்றவர்கள் போன் போட வேண்டும். அழைப்பு மணியில் விரலை வைத்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "அண்ணே, அதை அமுக்காதீங்க! பாத்ரூம் லைட்டு அணைஞ்சிரும், அம்மா உள்ள இருக்காங்க!"

ஹாலில் சாமி மேடைக்குக் கீழே, உள்ளங்கையளவு பெட்டியொன்று இருக்கிறது. ராஸ்பெரி பை கம்ப்யூட்டர், அதற்குள் ஹோம் அசிஸ்டன்ட். 2013இல் பாவ்லஸ் ஸ்கௌட்சன் ஆரம்பித்து வைத்த இலவச மென்பொருள் அது. விளக்கு, காத்தாடி, ஏர்கோன், மீன் தொட்டி பம்பு, கேட் எல்லாவற்றுக்கும் இதுதான் ஹப். அது நின்றால் வீடு நிற்கும். அது அடிக்கடி நிற்கும்.

அண்ணனின் அப்பா தோட்டத்தில் மண்டோர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று குரல் வராதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. மகன் அதே நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் பெரட்டு எடுக்கிறார். "ஹால் லைட்டு, இருக்கு. சமையல்கட்டு, இருக்கு. பின்கட்டுக் காத்தாடி… அன்அவைலபிள்." அப்பாவுக்கு வசதி இருந்தது, சம்பளத்தைப் பிடிக்கலாம். மகனால் காத்தாடியிடமிருந்து எதைப் பிடிக்க முடியும்? அதன் சுவிட்சை மனைவி ராத்திரியே சுவரில் அணைத்துவிட்டுப் படுத்திருப்பார் என்பது பசியாறும் வேளையில்தான் தெரியவரும். "சுவரு சுவிட்சை யாரும் தொடக்கூடாது" என்பது வீட்டுச் சட்டம். அதற்காக எல்லாச் சுவிட்சின் மேலும் செல்லோடேப் ஒட்டியிருக்கிறார். டேப்பைப் பிய்க்காமலே சுவிட்சை அமுக்கும் வித்தை வீட்டில் எல்லாருக்கும் கைவந்துவிட்டது.

ஹப் நின்றதும் அண்ணன் முதலில் இணையக் கம்பெனியைச் சந்தேகப்படுவார். அது சரியாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் வைஃபை. அதற்கும் அடுத்தபடி, மனைவியின் மைக்ரோவேவ். வேடிக்கை என்னவென்றால் இந்தக் கடைசிச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. பல்புகள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ, வீட்டு வைஃபை, குழம்பைச் சுட வைக்கும் மைக்ரோவேவ் மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சந்துக்குள்தான் இடித்துக்கொண்டு போகின்றன. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அண்ணன் 'டெஸ்டிங்' செய்யும்போது அடுப்படியில் ஊரடங்கு.

"ஏங்க, மீன் கொழம்பைச் சூடு பண்ண உங்க ஹப்புகிட்ட பெர்மிட் எடுக்கணுமா?"

"ரெண்டு நிமிஷம் பொறு, சேனலை மாத்திட்டு இருக்கேன்."

ஒருமுறை அவர் உண்மையிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜிக்பீ குச்சியைப் பெட்டியின் நீல நிற யுஎஸ்பி துளையில் செருகியிருந்தார். யுஎஸ்பி 3 துளைக்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் குணம் உண்டு. குச்சியைக் கறுப்புத் துளைக்கு மாற்றி, நீட்டு வயர் போட்டுத் தள்ளி வைத்ததும் பல்புகள் பெரட்டுக்கு ஒழுங்காக வந்தன. அந்த வயரின் மகிமையை அவர் கல்யாண வீட்டிலும் சொன்னார், காரிய வீட்டிலும் சொன்னார். பிறகு ஹப் மறுபடி நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? அந்தப் பெட்டி கேட்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அண்ணன் கொடுத்திருப்பது மேசை டிராயரில் கிடந்த பழைய போன் சார்ஜர். கலர் மாறும் பல்பென்றால் யோசிக்காமல் வெள்ளியைக் கொட்டுகிறவர், சரியான அடாப்டர் வாங்கச் சொன்னால் மட்டும், "அதான் லைட்டு எரியுதில்ல, கரண்டு போகுதுன்னுதானே அர்த்தம்?" என்பார். மின்சாரம் குறைகிறது என்று பெட்டியே எச்சரிக்கை காட்டும். அண்ணன் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டு வைஃபையின் பெயரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு மேல் இடி வேறு. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர்; இந்த மாதங்களில் எங்கள் பக்கத்துச் சாயங்காலம் சும்மா போகாது. அண்ணனின் அம்மா, இன்ஜின் போட்டால்தான் வெளிச்சம் என்ற காலத்துத் தோட்டத்துக்காரர். பொழுது சாய்ந்ததும் லைட்டு வரும், படுக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் அன்றைய ஆட்டோமேஷன். இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. முதல் முழக்கத்துக்கே டிவி, மோடம், ஹப் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முறுக்கு தின்ன உட்கார்ந்துவிடுவார்.

"அம்மா, ஷட்டவுன் பண்ணாம புடுங்கக்கூடாதும்மா. மெமரி கார்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போனா டேட்டாபேஸ் கெட்டுப்போயிரும்."

"இடி என்னய்யா உன்னைக் கேட்டுக்கிட்டா விழுது?"

இருவர் சொல்வதும் சரி என்பதுதான் சிக்கல். அம்மா பிடுங்காவிட்டால் மின்னல் மோடத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் சுட்டுவிடும். பிடுங்கினால் கார்டு பழுதாகும். சமரசமாக அண்ணன் ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தார். அடுத்த மழைக்கு அம்மா அதன் பிளக்கையும் பிடுங்கினார். யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. வேலையிடத்தில் அண்ணனின் போன் அடித்தது: "ஐயா, உன் பெட்டி அழுவுது. கொஞ்சம் தண்ணி தெளிக்கட்டுமா?"

அன்று தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு அவர் காடி ஓட்டிய வேகத்தை யாரும் அளக்கவில்லை, நல்லவேளை.

அண்ணனின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவின் நாட்காட்டியில் அமாவாசை, கார்த்திகை, பிரதோஷத்தோடு இன்னொரு நாளும் வட்டமிடப்பட்டிருக்கும். மாதத்தின் முதல் புதன்கிழமை ஹோம் அசிஸ்டன்டின் புதுப் பதிப்பு வெளியாகும். இங்கே அது கைக்கு வரும்போது பெரும்பாலும் வியாழன் விடிந்திருக்கும். எதெது மாறியது, எதெது இனி வேலை செய்யாது என்று எழுதியே கொடுத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு அப்டேட் போடுகிறவர்கள் உண்டு. அண்ணன் போட்டுவிட்டுப் படிப்பார். வியாழக்கிழமைகளில் அந்த வீட்டில் மெழுகுவர்த்தி கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

கோலாலம்பூர் விருந்தாளிகள் வந்தால் அண்ணனுக்கு மண்பெருமை பொங்கும். "நாட்டுலயே வியாபாரத்துக்குன்னு முதல்ல செம்பனை போட்டது எங்க தெரியுமா? 1917ல, நம்ம தென்னமரம் தோட்டத்துல. ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுத் துரை." அது உண்மை. அந்தத் துரை பிறகு தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். அண்ணன் படித்துக் காட்டுவது ஹப்பின் லாக் ஃபைல். நாவலைவிட நீளம், கதாநாயகன் ஒவ்வொரு பக்கத்திலும் செத்துச் செத்துப் பிழைப்பான்.

இருட்டியதும் விருந்தாளிகளைக் கம்போங் குவாந்தானுக்குப் படகேற்றுவார். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். தலைவன் கிடையாது, பக்கத்துப் பூச்சி மின்னுவதைப் பார்த்து ஒவ்வொன்றும் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். "இதான் மெஷ் நெட்வொர்க்கு. நம்ம வீட்டு பல்பும் இப்படித்தான் ஒன்னு ஒன்னுக்குத் தகவல் சொல்லும்" என்று அண்ணன் கிசுகிசுப்பார்.

"இதுங்களுக்கு மாசாமாசம் யாருங்க அப்டேட் போடறா?" என்பார் அக்கா, இருட்டில்.

போன தீபாவளிக்கு முன்பு எதிர் வீட்டுப் பையன் பாசார் மாலாமில் ஒரேயொரு ஸ்மார்ட் பிளக் வாங்கி வாசல் சரவிளக்குக்கு மாட்டினான். ஏழு மணிக்கு எரிந்தது, பன்னிரண்டுக்கு அணைந்தது. மறுநாளும் அப்படியே. தீபாவளி முடிந்தும் அப்படியே. அண்ணனால் தாங்க முடியவில்லை.

"தம்பி, ஒரு தடவைகூடவா நிக்கல? லாக் எடுத்துப் பார்த்தியா?"

"லாக்குன்னா என்னண்ணே?"

அண்ணன் கண் கலங்காத குறை. அன்று ராத்திரியே தன்னிடம் மிச்சமிருந்த ராஸ்பெரி பையும் பழைய சார்ஜர் ஒன்றும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். இப்போது அந்த வீட்டு சரவிளக்கு எரிவதில்லை. இருவரும் வாட்ஸ்அப்பில் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் சேரலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.