லோடு ஆட்டோவுக்குப் புது ஸ்பீக்கர்: ஒரு நெய்தல் திணை ஆராய்ச்சி

திணைக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தொல்காப்பியர் பறையையும் யாழையும் மறக்காமல் சேர்த்தார். நெய்தலுக்கு மீன்கோட்பறை, விளரியாழ் என்று பின்வந்த இலக்கணத்தார் வகுத்தும் வைத்தார்கள். அந்தப் பறை கிழிந்துபோனால் எதை வாங்கி மாட்டுவது என்பதற்கு மட்டும் ஒருவரும் நூற்பா செய்யவில்லை. அக்குறை தீர எழுந்தது இவ்வாராய்ச்சி. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, தெற்கே காட்டுப்பள்ளி, மேற்கே பொன்னேரி, கிழக்கே கடல் என்பன இதன் எல்லை. பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏற்றிப்போகும் மூன்று சக்கர லோடு ஆட்டோவில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கரகரக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஆய்வுப்பொருள்.

வாட்டே பெரிது என்பர் ஒருசாரார். அட்டைப்பெட்டியில் 500 என்று பொன்னெழுத்தில் போட்டிருப்பதை இவர்கள் மேற்கோளாகக் காட்டுவர். அது பொருந்தாது. என்னை? வண்டி ஓடும்போது பேட்டரியில் கிடைப்பது 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாமல், டெக்குக்குள்ளேயே இருக்கிற ஆம்பை நம்பினால், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு அது பிசிறில்லாமல் தரக்கூடியது கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. டெக்கின் நெற்றியில் 50 என்று எழுதியிருந்தால் மீதி 24 வாட் உயர்வு நவிற்சி அணி. பெட்டியிலுள்ள 500-ஓ கண்ணிமைக்கும் நேரம் தாங்கும் உச்சம்; நாள் முழுக்கத் தாங்குவது ஆர்.எம்.எஸ். என்ற பெயரில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவு எழுத்தில், பெட்டியின் அடியில் இருக்கும். அதற்கும் பக்கத்தில் டெசிபல் கணக்கு ஒன்று உண்டு: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்த சத்தம். 87 உள்ளதை விட்டு 90 உள்ளதை எடுத்தால், ஆம்பின் பலத்தை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கடையில் இதைக் கேட்பவரை யாரும் கண்டதில்லை.

வீட்டு செட்டிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டலாமோ எனின், மாட்டலாம். ஆம்ப் தரும் பலம் பாதியாகும், அவ்வளவே. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே வயரில் இணையாக இழுத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் கொதிக்கும்.

இனி, காந்த வாதிகள். சென்னை ரிச்சி தெருக் கடையில் ஸ்பீக்கரைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, எடை பார்ப்பவர்கள் இவர்களே. “மேக்னட்டு நல்ல வெயிட்டாக் குடுண்ணே, உப்புக் காத்துல துரு புடிக்கக் கூடாது.” இங்கே ஒரு நுட்பம். கறுப்பாக இருக்கும் ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது, ஏனெனில் இரும்பின் ஆக்சைடில் செய்த அது ஏற்கெனவே ஒருவகைத் துருதான். துருப்பிடிப்பது அதை மேலும் கீழும் கவ்வியிருக்கும் இரும்புத் தட்டு. அந்தத் தட்டுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே வரும் இடுக்கில்தான் வாய்ஸ் காயில் ஏறி இறங்குகிறது. மணலடித்து முகத்துவாரம் அடைபட்ட ஏரியின் கதிதான், அங்கே துருவும் தூசியும் சேர்ந்த ஸ்பீக்கருக்கும். பாட்டு வரும், பாடகருக்குச் சளி பிடித்திருக்கும்.

ஆகவே நெய்தல் நிலத்து ஸ்பீக்கருக்கு முதல் இலக்கணம் உப்பு. ஆட்டோவுக்குக் கதவு கிடையாது. முன்னாலிருந்து கடற்காற்று, பின்னாலிருந்து ஐஸ் உருகிய மீன் தண்ணீர். பேப்பர் கோன் ஈரம் குடித்து நமத்துப்போகும். விளிம்பிலுள்ள ஃபோம் வளையம் தொட்டால் உதிரும். பாலிபுரோப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் தாங்கும். 1613-இல் டச்சுக்காரர் இங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை வீழ ஆங்கிலேயர் வரவேண்டியிருந்தது. ஸ்பீக்கரின் வயர் முனை வீழ ஒரு வடகிழக்குப் பருவமே போதும். முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். செலவில்லாத இந்த வைத்தியத்தை எந்தக் கடையும் சொல்வதில்லை.

உலகில் இதற்கென்றே மெரைன் ஸ்பீக்கர் என்று ஓர் இனம் உண்டு. உப்புக்கும் வெயிலுக்கும் அஞ்சாத அதைப் பணக்காரர்கள் உல்லாசப் படகில் மாட்டுகிறார்கள். நம் ஃபைபர் போட்டில் இன்ஜின் போடும் சத்தத்துக்கு மேல் பாட்டு வேண்டியதில்லை. படகுக்குச் செய்த ஸ்பீக்கர் வேண்டியிருப்பது ஆட்டோவுக்குத்தான் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு. விலையைக் கேட்டால் ஓட்டுபவர் இம்முடிபை ஏற்கமாட்டார் என்பது புறனடை.

அளவு பற்றிச் சிறிது. 6×9 அங்குல முட்டை வடிவம் எல்லோர் கனவிலும் வரும்; சீட்டுக்குப் பின்னால் அதற்கு இடம் வராது. அதிரவேண்டும் என்பவர் பொறுத்திருக்கலாம். வட்டாரத்தின் ஆகப்பெரிய ஊஃபர் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் இயங்குகிறது. அது முழங்கும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போகவேண்டாம் என்று மீனவருக்கு அறிவிப்பே வரும்.

யார் பாட்டைப் போடுவது என்பது தனி ஆய்வுக்குரியது. ஏரியில் வலைபோடும் இடத்தை முறைவைத்துப் பகிரும் பாடு வழக்கம் நிலவும் ஊரில், டெக்குக்கு முறை கிடையாது. கூடையோடு ஏறும் அத்தை, “டேய், கொஞ்சம் கம்மி பண்ணுடா, காது போவுது” என்பதே கடைசித் தீர்ப்பு.

எஞ்சிய ஐயம் ஒன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கு போன்றவற்றுக்கு விலக்குண்டு. மீன் வண்டி கிளம்புவதோ விடியற்காலை மூன்று மணிக்கு. ஆட்டோ மூடிய இடமாகுமா என்று கேட்டதற்கு ஓட்டுபவர் தந்த உரை: “மூடறதுக்குக் கதவு எங்கண்ணே இருக்குது?”