மாஸ்டர் கூப்பிடறாரு

பகலில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பர்கூரில் மொத்த ஜவுளிக்கடை ஒன்றில், குப்பத்திலிருந்து வந்த வியாபாரியிடம் தெலுங்கிலும் கோலார்க்காரரிடம் கன்னடத்திலும் குழைந்து குழைந்து சேலை விரிப்பார். "புடிக்கலையா, பரவால்லண்ணா, இன்னொரு கட்டு பிரிக்கிறேன்."

சாயங்காலம் தோளில் மூங்கில் கம்போடு மைதானத்துக்குள் நுழைந்தால் அவர் சிலம்ப மாஸ்டர். திட்டு தமிழில் தொடங்கும், தெலுங்கில் சூடேறும், கன்னடத்தில் போய் நிற்கும்.

சேர்ந்த பையனுக்கு உடனே கம்பு கிடைக்காது. கால்மானம்தான் முதலில். காலை எடுத்து வைக்கவே மாதக்கணக்காகும். "கம்பு எப்ப மாஸ்டர்?" என்று கேட்டவன் மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு, மறுபடி முதல் அடியிலிருந்து வருவான். கம்பு வந்த பிறகும் நிம்மதியில்லை. அது நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "போன மாசந்தானேடா கம்பு வாங்குனோம், அதுக்குள்ள என்ன வளத்தி?"

இப்படித் தொல்லையைத் தேடி வாங்கிக்கொள்வது, வேடம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டுகள் சிலவற்றிலும் உண்டு. 1981இல் அமெரிக்காவில் வந்த 'சாம்பியன்ஸ்' அதில் ஒன்று. உங்கள் வீரனுக்கு நீங்களாகவே ஒரு குறையை வைத்துக்கொண்டால் ஈடாகப் பாயிண்ட் கிடைக்கும்; அதைக் கொடுத்துப் பலம் வாங்கலாம். நேரங்காலம் பார்க்காமல் கூப்பிடும் குருவைவிட நல்ல குறை எது? பர்கூர்ப் பையன்கள் அதை மாதக் கட்டணமும் கட்டிச் சுமக்கிறார்கள்.

அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவனுக்கு போன்.

"எங்கடா இருக்க?"

"மண்டபத்துல மாஸ்டர். நீங்களுந்தான் காலைல வந்து மொய் எழுதிட்டுப் போனீங்க."

"முகூர்த்தம் முடிஞ்சிருச்சில்ல? அப்புறம் உனக்கென்ன அங்க வேலை?"

சாம்பார் வாளி அடுத்தவன் கைக்கு மாறியது.

வீட்டில் முறையிட்டுப் பயனில்லை. பாயிண்ட் கணக்கு அம்மாவிடம் இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக வந்ததும் அவருக்கு அத்துப்படி. "நல்லா ஓட விடுங்க மாஸ்டர். சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

சர்ட்டிபிகேட் என்றதும் மாஸ்டர் முகம் சுருங்கும். காசுக்காரர் இல்லை அவர், அதைச் சொல்லியாக வேண்டும். கட்டணம் பாக்கி வைத்தவனை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அவனுக்குரிய திட்டையும் பாக்கி வைத்ததில்லை.

அவருக்கும் ஒருவர் உண்டு, கிருஷ்ணகிரிப் பக்கம், எழுபது தாண்டிய வாத்தியார். அந்த போன் வந்தால் சேலை பாதி விரிந்தபடி கிடக்க, எழுந்து நின்றுவிடுவார். "இல்லைங்க வாத்தியாரே... பசங்க கால்மானம் சரியாத்தான்... சரிங்க, ஞாயித்துக்கிழமை காத்தாலயே வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விசேஷம். அன்று சாயங்காலம் பையன்களுக்கு எட்டுச் சுற்று.