வரம் கொடுத்தவரே கணக்கும் முடிப்பார்
(இந்த வாரம் முழுக்கப் பெருமாநல்லூர்க் கேள்விகள்)

புராணத் தொடர்களில் சதி செய்யும் மந்திரி ஏன் எப்போதும் தூணுக்குப் பின்னாலேயே நிற்கிறார்?

முன்னால் வந்துவிட்டால் தொடர் ஒரே வாரத்தில் முடிந்துவிடுமே!

அரண்மனைச் சதியும் தெய்வ சக்தியும் மோதிய படங்களில் உங்களுக்குப் பிடித்தது?

ஏ.பி. நாகராஜனின் 'சரஸ்வதி சபதம்' (1966). பிச்சைக்காரி அரசியாகிறாள், கோழை வீரனாகிறான், ஊமை புலவனாகிறான். எல்லாம் மூன்று தேவியரின் ரோஷத்தால். அந்த ரோஷத்தைக் கிளப்பியவர் நாரதர். நாரதராகவும், அதில் மாட்டிக்கொண்டு தவிக்கும் புலவராகவும் நடித்தவர் சிவாஜி. பற்ற வைத்தவரும் அவரே, சுட்டுக்கொண்டவரும் அவரே!

நம் கொங்கு நாட்டில் இப்படிக் கதை உண்டா?

அண்ணன்மார் கதையை வைத்துக்கொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? உடுக்கடிப் பாட்டாக ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்களே! அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முன்பே பங்காளிகள் சதியைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடு என்று மருத்துவச்சிக்கே கைக்கூலி. இந்தப் பங்காளிச் சண்டைக்கு முன்னால் எந்த டி.வி. மந்திரியும் கத்துக்குட்டிதான். பிள்ளைகள் தெய்வத்தின் வரத்தால் பிறந்தவர்கள். ஆனால் வரத்திலேயே கெடுவும் உண்டு: ஆயுள் பதினாறு. கெடு முடிந்ததும் கணக்கு முடிக்க வருபவர் பங்காளி இல்லை, மாயவர் என்கிற திருமால்! கடைசியில் மாண்டு கிடக்கும் அண்ணன்மாரை எழுப்பிப் பேச வைக்கிற சக்தி தங்கை தங்காளுக்குத்தான். என் ஓட்டு அவளுக்கு. கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கம் இந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். 1982இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு நூலும் எழுதினார்.

'பொன்னர் சங்கர்' படம் பார்த்தீர்களா?

2011இல் வந்தது. கலைஞரின் கதை, தியாகராஜன் இயக்கம், பிரசாந்துக்கு இரட்டை வேடம். அரண்மனை பெரிசு, ஆவேசம் சிறிசு. இந்தக் கதையின் போர்க்களச் சாவை நடத்திக் காட்டும் படுகளச் சடங்கில் அருள் வந்து சாய்கிறவர்களையும், அவர்களை எழுப்புவதையும் பார்த்த கண்ணுக்கு கிராபிக்ஸ் எடுபடாது.

எங்கள் பனியன் கம்பெனியில் நடக்கும் சதிக்கு முன்னால் அரண்மனைச் சதியெல்லாம் தூசு!

சிம்மாசனச் சதியில் தலை போகும். சூப்பர்வைசர் நாற்காலிச் சதியில் ஓவர்டைம் போகும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதுதான் எது கொடுமை என்று தெரியும்.

எங்கள் ஊர்க் கொண்டத்துக் காளியம்மனை வைத்துத் தொடர் எடுத்தால் ஓடுமா?

பங்குனியில் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதை நேரில் பார்க்கிற ஊருக்குத் தொடர் எதற்கு? அதற்குப் பதில், உங்கள் பக்கத்தில் அண்ணன்மார் கதையை முழுசாகப் பாடத் தெரிந்த உடுக்கடிக்காரர் இருந்தால் எழுதுங்கள். நேரில் கேட்க வருகிறேன்.