பேர் வெட்டிய துப்பாக்கி

எனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். சுடுவதற்கு அல்ல. தளவானூரில் சுடுவதற்கு என்ன இருக்கிறது? மல்லாட்டைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிக்கே நாங்கள் தகர டப்பாவைத்தான் தட்டுகிறோம். நான் கேட்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மேல் சும்மா படுத்திருக்கும் துப்பாக்கி. உடம்பு முழுக்கக் கொடியும் பூவும், பிடியில் என் பேரின் முதல் எழுத்து. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவனுக்கு இந்த ஆசை ஐம்பது வயதுக்கு மேல் வந்தால் தாமதம் என்று சொல்லலாம், தப்பு என்று சொல்லக் கூடாது.

மச்சானிடம் சொன்னேன். பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியவன். எங்கள் தெருவில் துப்பாக்கி பற்றிய எந்தப் பேச்சையும் அவன்தான் முடித்துவைப்பான்.

"மாடல் இன்னா மாமா?"

"கோல்ட் .45."

அமெரிக்கத் தளபதி பேட்டன் இடுப்பில் தொங்கவிட்டிருந்தாரே, அது. 1916இல் டெக்சாஸின் எல் பாசோவில் வாங்கியது. வெள்ளி முலாம், உடம்பெல்லாம் சித்திர வேலை, தந்தப் பிடியில் அவர் பேரின் முதலெழுத்துகள். அந்தப் பிடியை யாராவது முத்துச்சிப்பி என்று சொல்லிவிட்டால் மனிதருக்குப் பொறுக்காதாம்.

மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான். .45, .38, 9 மில்லிமீட்டர் மூன்றும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். வெளிநாட்டிலிருந்து தனியாள் இறக்குமதி செய்வதும் எண்பதுகளோடு போயிற்று. கைத்துப்பாக்கி என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் .32. மாடலைத் தேர்ந்தெடுக்கும் தலைவலியை 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் எனக்கு வைக்கவே இல்லை.

ஆறுதலாக ஒன்று சொன்னான். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் 2014இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். டைட்டானியம் கலந்த உடம்பு, அரைக் கிலோ எடை, விலை 1,22,360 ரூபாய். அதை மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நகைப்பெட்டி என்றதும் சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது.

"அப்போ அந்தக் காசுக்கு அஞ்சு சவரன் வந்திருக்கும்" என்றாள் மனைவி.

அடுத்தது பினிஷ். துப்பாக்கிக்காரர்கள் மயங்கிக் கிடக்கும் அந்தக் கருநீலம் பெயின்ட் இல்லையாம். இரும்பின் மேல்தோலை மட்டும் பக்குவமாக ஆக்சைடாக மாற்றுகிறார்கள். அதாவது மரியாதை தெரிந்த துரு. காசு கொடுத்துத் துருப்பிடிக்க வைப்பதா? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அந்த வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. நிக்கல் பூசினால் எவர்சில்வர் சொம்பு மாதிரி மின்னும். தங்க முலாம் போடலாமா என்று வாய் தவறிக் கேட்டேன்.

"அடகு வெச்சா எவ்ளோ தருவாங்க?" என்றாள் மனைவி.

"அத எடுத்துகினு பேங்க் உள்ள போனா, அடகுன்னு நீ சொல்றதுக்குள்ள கேஷியர் கையத் தூக்கிடுவாருக்கா" என்றான் மச்சான்.

எனக்கு முக்கியம் செதுக்குவதுதான். திப்பு சுல்தானைப் பாருங்கள். அவர் துப்பாக்கியில் விசைப்பக்கம் புலித்தலை, குழல் மேல் புலிக்கோடு. ஜோடியாகச் செய்த கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்கு வலப்பக்கம் விசை, இன்னொன்றுக்கு இடப்பக்கம். 2015இல் லண்டன் ஏலத்தில் அவருடைய ஆயுதங்கள் பல லட்சம் பவுண்டுக்குப் போயின. ஆனால் செஞ்சிச் சீமைக்காரனுக்குப் புலி எதற்கு? தேசிங்கு ராஜாவின் குதிரையை வெட்டச் சொல்லலாம் என்றேன். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு சின்ன வயசிலேயே மோதி மாண்டவர். "தோத்த குதிர ராசியில்ல மாமா" என்று மச்சான் அதையும் அடித்துவிட்டான்.

பேரை வெட்டும் விஷயத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஊருக்குள்ளேயே இருக்கிறார். 1,400 வருஷத்துக்கு முன்னால் பஞ்சபாண்டவர் மலைப் பாறையைக் குடைந்து கோயில் செய்த பல்லவ ராஜா மகேந்திரவர்மன். முகப்பில் மகர தோரணம், வாசலில் காவலர்கள், வடமொழியில் ஒரு கல்வெட்டு, தமிழில் ஒரு கல்வெட்டு. கோயிலுக்குப் பேர் சத்ருமல்லேஸ்வராலயம். சத்ருமல்லன் என்பது அவருடைய பட்டம்தான். சாமிக்கும் தன் பேரையே வைத்துவிட்டார்! பினிஷ் விஷயத்திலும் கறார்ப் பேர்வழி. இதே மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்தேன் என்று கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார். பட்டத்துக்கும் பஞ்சமில்லை: விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், லளிதாங்குரன். எனக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, பள்ளிக்கூடத்தில் வைத்தது. அதைத் துப்பாக்கியில் வெட்டினால் மச்சானே சுட்டுவிடுவான்.

அவர் வழியில் இன்றைக்கும் சிலர் செஞ்சிக் கோட்டைச் சுவரில் தங்கள் பேரையும் காதலி பேரையும் நடுவே ஓர் இதயத்தையும் செதுக்கிவிட்டுப் போகிறார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை அது. ராஜா செய்தால் கல்வெட்டு, நாம் செய்தால் கேஸ்.

துப்பாக்கியிலும் அரசாங்கம் கேட்கும் செதுக்கல் ஒன்று உண்டு, தயாரிப்பு எண். அதை அழித்தால் குற்றம். லைசென்ஸ் மனுவில் எதற்குத் துப்பாக்கி என்று காரணம் சொல்ல வேண்டும். 'பார்த்துக்கொண்டிருக்க' என்று எழுதினால் கலெக்டர் ஆபீஸில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிடைத்தாலும், தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பஞ்சாயத்து, சட்டசபை, பார்லிமென்ட் என்று கூட்டிப் பார்த்தால், என் பூவேலையை என்னைவிட ஏட்டய்யாதான் அதிகம் ரசிப்பார்.

சட்டத்தில் ஒரு சந்து உண்டு. பழங்கால ரகமாக இருந்து, ரிப்பேர் பார்த்தாலும் சுடாது என்றால், அந்தத் துப்பாக்கியைச் சட்டம் கண்டுகொள்ளாது.

"எப்பவுமே சுடாத துப்பாக்கிதானே? தீபாவளிக்குப் புள்ளைங்களுக்கு வாங்குறமே, அதான்" என்றாள் மனைவி.

செஞ்சி கடைத்தெருவில் கறுப்பும் வெள்ளியுமாக இரண்டு பினிஷில் தொங்கின, ரோல் கேப் இலவசம். வெள்ளியை எடுத்தேன். அடுத்து செதுக்குகிறவர். அமெரிக்காவில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களாம். நம்மிடம் ஒவ்வொரு பாத்திரக்கடை வாசலிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். குடம், அண்டா, சம்புடம் என்று சீர்ச் சாமான் முழுக்க ஊர் பேரும் தேதியும் ர்ர்ர் என்று இழுத்துத் தள்ளுகிறவர். செதுக்குகிற பையன் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். மெஷினைத் தட்டிவிட்டான்.

"சீரா, மொய்யாண்ணா? பொண்ணு மாப்பிள பேரு சொல்லுங்க."