சிங்கத்துக்கும் கால அட்டவணை

ஜோஹன்னஸ்பர்க்கில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார், வருஷம் தவறாமல் க்ரூகர் பூங்காவுக்குப் போகிறவர். 1926இல் தேசியப் பூங்காவான அந்தக் காடு, தன் யோசனையைக் கேட்காமல் இத்தனை காலம் எப்படி ஓடியது என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம்.

அடுத்த ஜூலைக்கு இந்த வருஷமே அறை பதிவாகிவிடும். லோயர் சாபி முகாமில் ஏதோ ஓர் அறை போதாது. ஆற்றைப் பார்த்த குடிசை, அதுவும் அவர் சொல்லும் எண். கிடைக்காவிட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. ஏன் ஜூலை? "புல் காஞ்சு கிடக்கும், குட்டை வத்திடும். எல்லாம் ஆத்துக்குத்தான் வந்தாகணும்" என்பார், விலங்குகளுக்கு அவரே டோக்கன் கொடுத்த மாதிரி.

பிறகு சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரியும். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மண்சாலையில் 40. சத்தாரா முகாமிலிருந்து ஸ்குகுஸா முகாம் 93 கிலோமீட்டர், கணக்குப்படி இரண்டு மணி நேரம். அவர் ஐந்து என்று எழுதுவார். யானை வழிமறிக்க ஒன்று, சிங்கத்துக்கு ஒன்று. மிச்சம் ஒன்று எதற்கு? "காப்பிக்கு."

இருக்கை விஷயத்தில்தான் ஆளின் மூளை தெரியும். லோயர் சாபியிலிருந்து ஸ்குகுஸாவுக்குக் காலையில் கிளம்பினால் வெயில் முதுகுப்பக்கம். சாபி ஆறு வலப்பக்கம். தென்னாப்பிரிக்காவில் ஓட்டுகிறவர் உட்காருவதும் வலப்பக்கம். ஆக, நீர்யானையும் முதலையும் அவர் ஜன்னலில். மனைவி ஜன்னலில் முள்மரம். "திரும்பும்போது ஆறு உன் பக்கம்" என்று சமாதானம் சொல்வார். திரும்புவதற்கு வேறு சாலை போட்டிருப்பார்.

காட்டில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் நிற்கும். இவர் நிறுத்துவதோ புல்லுக்குள் ஒளிந்த பழுப்புக் குருவிக்கு. பின்வண்டிக்காரர் பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி ஆவலாக, "சிங்கமா?" என்பார்.

"சிஸ்டிகோலா."

கண்ணாடி ஏறிவிடும். "ரசனை கெட்ட ஜனம்" என்று இவர் முணுமுணுப்பார். நிஜச் சிங்கம் நிற்கும் இடத்தில் குறுக்கே வண்டியை நுழைப்பவரும் இவரே.

குளிர்காலத்தில் மாலை 5.30க்கு முகாம் கதவு மூடிவிடும். அதற்குள் வந்து சேர்ந்ததும் முதல் வேலை, அன்று யார் எதை எங்கே பார்த்தார்கள் என்று வண்ணக் காந்தம் ஒட்டும் பலகை. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் நேர்மையாக ஒட்டுவார். சிறுத்தையை மட்டும் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒட்டுவார். நாளைக்குக் கூட்டம் சேரக்கூடாதாம். அவர் இறைச்சி சுட அடுப்பு மூட்டப் போனதும், மனைவி வந்து அதை உரிய இடத்துக்கு நகர்த்திவிட்டுப் போவார்.