பந்தும் காலுமாக ஒரு பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு இருபது வயது. எந்நேரமும் பந்தும் காலுமாகத் திரிகிறான். வேலைக்குப் போகச் சொன்னால், “ஸ்ட்ரைக்கர் ஆகப்போகிறேன்” என்கிறான். தேறுவானா?
– வாசகர் ஒருவர், அறந்தாங்கி

பதில்: இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேமி வார்டியை 16 வயதிலேயே ‘நீ தேறமாட்டாய்’ என்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் அனுப்பிவிட்டது. பகலில் தொழிற்சாலை வேலை. அது போக, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற குட்டிக் கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆட்டம். 2012-இல் லெஸ்டர் சிட்டி அவரை வாங்கிய விலை 10 லட்சம் பவுண்டு! 2016-இல் பிரீமியர் லீக் கோப்பை. 2019-20 சீசனில், 33 வயதில், 23 கோல் அடித்து அந்த லீக்கிலேயே முதலிடம்.

சீமைக் கதை எதற்கு என்கிறீர்களா? நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். பெயர் நிலைத்தது, கிளப்பைத்தான் பிறகு மூடிவிட்டார்கள். கால்பந்தில் கிளப்பை நம்பிச் சம்பளக் கணக்குப் போட முடியாது.

ஆகவே, பையன் தாராளமாக ஆடட்டும். ஆனால் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்தான் வார்டி என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள்!