ஓட்ஸ் அண்ணாச்சி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலை நடப்பவர்களை முன்பெல்லாம் எளிதில் வகை பிரித்துவிடலாம். சர்க்கரைக்காக நடப்பவர், டாக்டருக்குப் பயந்து நடப்பவர், வீட்டுக்குப் பயந்து நடப்பவர், ஊர்வம்பு பேச நடப்பவர் என்று நாலே பிரிவுதான். இப்போது ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவருக்கு நடை இரண்டாம்பட்சம். 'காலைல என்ன பலகாரம் அண்ணாச்சி?' என்று யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்ற ஏக்கத்திலேயே சுற்றி வருகிறார். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் அவரே கேட்பார்.

"தம்பி, காலைல என்ன சாப்பிடுதிய?"

"இட்லிதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி நின்றுவிடுவார். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "இன்னுமா?" என்பார். அதற்குமேல் அன்றைக்கு உங்களுக்கு நடை இல்லை.

இவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளராக இருக்கலாம், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவராக இருக்கலாம், தலைமையாசிரியராகவும் இருக்கலாம். வீடு மகாராஜநகரிலோ பெருமாள்புரத்திலோ இருக்கும். ஆயுள் முழுக்க அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். அப்பேர்ப்பட்டவரை ஓட்ஸ் பிடித்துக்கொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கொலஸ்ட்ரால் எண்ணுக்குக் கீழே லேப்காரர் தடிமனாகக் கோடு போட்டுக் கொடுத்த காகிதம். இன்னொன்று, பெங்களூரில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு மாதம். அங்கே மருமகள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுப்பாள். ஒரு கையில் செருப்பு, தோளில் லேப்டாப் பை. நின்றவாக்கில் நாலு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு கீழே ஓடுவாள். ஏழரை மணி கேப் யாருக்காகவும் நிற்காது. அவளுக்கு அது வேறு வழியில்லாத சாப்பாடு. பேப்பரும் கையுமாகச் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்கோ ஞானோதயம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மூடி போட்ட பாட்டில்கள் வாங்கினார். பிறகு சியா விதை தேடி டவுனில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் சப்ஜா விதையைப் பொட்டலம் கட்டி, "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று கொடுத்துவிட்டார். ஒன்றல்ல. சப்ஜா நம் திருநீற்றுப்பச்சையின் விதை. தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் ஊதிவிடும். சியா மெக்சிகோ பக்கத்துச் செடி. நின்று நிதானமாக ஊறும். இரண்டும் துளசிக் குடும்பம்தான் என்றாலும் பங்காளிகளே தவிர ஒரே ஆள் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த பிறகு அண்ணாச்சி இதைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்.

சடங்கு தினமும் இரவு ஒன்பதரைக்கு, செய்தி முடிந்ததும் தொடங்கும். ஒரு கப் ஓட்ஸ், அதே கப்பால் ஒரு கப் பால், ஒரு ஸ்பூன் சியா, கொஞ்சம் தேன். சிலர் தயிரும் சேர்ப்பார்கள். அண்ணாச்சி சேர்ப்பதில்லை, இரவில் தயிர் ஆகாதாம். சாப்பிடுவது காலையில்தானே என்றால், "ஊறுவது ராத்திரிதானவே" என்பார். மேலே களக்காட்டுப் பக்கத்து ஏத்தம்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி அடுக்குவார். விடிவதற்குள் அது கறுத்துப்போயிருக்கும். 'இயற்கையான நிறம்' என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். பாதாம் ஊறவைத்துத் தோலுரித்து, பேரீச்சம்பழம் கொட்டை நீக்கி, மாதுளை உதிர்த்து, எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தயாராக இருக்கும். அவற்றை யார் தயாராக்கினார்கள் என்பது இந்தச் சடங்கில் பேசப்படுவதில்லை.

வேகவைக்காத தானியத்தை எப்படித் தின்பது என்று யாராவது கேட்டால் அண்ணாச்சிக்குப் பரம சந்தோஷம். ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கித்தான் ஓட்ஸை அவலாக்குகிறார்கள், அதனால் ஊறினாலே போதும் என்பார். அது உண்மை. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து இருக்கிறது, நாளொன்றுக்கு 3 கிராம் உள்ளே போனால் கொலஸ்ட்ரால் குறையும், 1997-லேயே அமெரிக்க அரசு அதைப் பெட்டியில் அச்சடிக்க அனுமதித்துவிட்டது என்பார். அதுவும் உண்மை. அதே மூச்சில், இனிப்பு போதவில்லை என்று பாட்டிலுக்குள் ஒரு துண்டு அல்வாவை இறக்குவார். இது எந்த நாட்டு அரசும் அனுமதிக்காதது.

அல்வா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பாலெடுத்துக் கிண்டியதால்தான் இந்த ஊருக்குப் பேரே வந்தது. ஊறவைக்கும் சாமர்த்தியத்தை நெல்லைக்காரருக்கு இன்னொருவர் வந்து கற்பிப்பது கொஞ்சம் அதிகப்படி. போகட்டும். பெரிய சங்கதி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் நடுத்தட்டு, கல்யாணமான நாளிலிருந்து மாவுச் சட்டிக்குப் பாத்தியப்பட்டது. பாட்டில்கள் வந்ததும் சட்டி கீழே காய்கறித் தட்டுக்குப் பெயர்க்கப்பட்டது. அங்கே அது முருங்கைக்காயோடு இடித்துக்கொண்டு சாய்வாக நிற்கும். அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மயினி, இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார்கள்.

"நானும் ராத்திரியே அரைச்சு வச்சு, காலைல எந்திரிச்சு ஊத்தத்தான் செய்யுதேன் தம்பி. முப்பத்தஞ்சு வருசமா. ஒருத்தரும் அதுக்குக் கண்ணாடிப் பாட்டில் வாங்கித் தரல."

அண்ணாச்சி கண்டுகொள்ளவில்லை. அவருடைய வாதம் நேரத்தைப் பற்றியது. காலையில் அரைமணி நேரம் மிச்சம் என்கிறார். எந்த அரைமணி என்று யோசித்துப் பார்த்தேன். பெருமாள்புரத்திலிருந்து ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? அவருக்கு ஆபீசும் இல்லை. மிச்சம் பிடித்த அரைமணியை எடுத்துக்கொண்டு அவர் மைதானத்துக்கு வருகிறார். அங்கே ஐந்து பேருடைய அரைமணியைக் காலி செய்துவிட்டுப் போகிறார். ஊர்க் கணக்கில் பார்த்தால் நஷ்டம்தான்.

ஊறவைத்த ஓட்ஸ் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று அவர் சொல்லித் திரிந்தபோது, அப்படியில்லை என்று நான் குறுக்கிட்டேன். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்து டாக்டர் பிர்ச்சர் பென்னர் 1900-ஐ ஒட்டித் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தது இது. மலையில் மேய்ப்பர் குடிசையில் தாம் சாப்பிட்ட ஒன்றை மனத்தில் வைத்துச் செய்தார் என்பார்கள். ஒரே ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸைப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் கெட்டிப்பாலும் விட்டு, தோலோடு துருவிய ஆப்பிளைச் சேர்த்து, மேலே கொட்டைப் பருப்புத் தூவிக் கொடுப்பாராம். அங்கே ஆப்பிள்தான் சாப்பாடு, ஓட்ஸ் தொட்டுக்கொள்ள. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அண்ணாச்சி, "சுவிஸா? அப்ப இன்னும் ஒசத்திதானவே" என்றார். மறுநாளிலிருந்து ஊரெல்லாம் சுவிஸ்.

மைதானத்தில் அவருக்கு ஒரு எதிரி உண்டு. பழைய சோற்று அண்ணாச்சி. சேரன்மகாதேவிப் பக்கம் கொஞ்சம் வயல், பாளையில் வீடு. காருகுறிச்சி மண்சட்டியில்தான் தண்ணி ஊற்றி வைக்க வேண்டும், எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் அது வெறும் மிச்சச் சோறு என்பது அவர் சித்தாந்தம். அரிசியும் அம்பை 16-ஆகத்தான் இருக்க வேண்டும். 1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம் அது. குட்டையான குண்டு அரிசி. வடித்து ஆறவிட்டுத் தண்ணி ஊற்றினால் மறுநாள் பதமாக இருக்கும், கையால் பிசைந்தால் குழையும். தொட்டுக்கொள்ளச் சுண்டின குழம்பு, காணத் துவையல், மோர்மிளகாய், உரித்த சின்ன வெங்காயம். இதைச் சொல்லும்போதே அவருக்கு நாக்கில் நீர் ஊறும், நமக்கும் ஊறும். அதோடு நிறுத்தினால் அவர் தங்கமான மனுசர். நிறுத்த மாட்டார். உலக விஞ்ஞானிகளெல்லாம் பழைய சோற்றைப் பார்த்து மிரண்டுபோயிருப்பதாக வந்த வாட்ஸ்அப்பை எடுத்து நீட்டுவார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்க்குப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி தொடங்கினார்கள் என்பது நிஜமான சேதி. அவரைக் கேட்டால் ஆராய்ச்சி முடிந்து, ஆபரேஷன் தியேட்டரையே மூடிவிட்டார்கள்.

இருவரும் எதிர்ப்பட்டால் நாங்கள் நடையை நிறுத்திவிட்டு நின்று கேட்போம்.

"என்னவே, பாட்டில்ல பஞ்சகவ்யமா?"

"ஓட்ஸ்வே. அம்புட்டும் நார்ச்சத்து."

"நாரு வேணும்னா வாழைமட்டைய உரிச்சுத் தின்னும்வே. காசாவது மிஞ்சும்."

"உம்ம பழசு மட்டும் என்ன? வெறும் சோறு. சுகரு ஏறும்."

"எங்க தாத்தாவுக்கு ஏறலயே!"

"உம்ம தாத்தா நாலு கோட்டை வெதப்பாட்டுல உழுதாரு. நீரு மைதானத்துல நாலு சுத்து நடக்குதீரு."

ஓட்ஸ் அண்ணாச்சி வாழ்க்கையில் சொன்ன உருப்படியான வார்த்தை இது. அந்தத் தாத்தா கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் இருட்டோடு வயலில் இறங்க வேண்டியவர். அந்நேரத்துக்கு அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட யாராலும் ஆகாது. அதனால் இரவே சோற்றில் தண்ணி ஊற்றி வைத்தார்கள். பெங்களூர் மருமகள் பாட்டில் வைப்பதும் அதே அவசரத்துக்குத்தான். இறங்க வயலும் இல்லாமல், பிடிக்க கேபும் இல்லாமல், காலை முழுவதும் கையில் இருக்கிற இரண்டு பேர் இதற்காக மைதானத்தில் சண்டை போடுகிறார்கள்.

போன ஆனித் திருவிழாவுக்கு நெல்லையப்பர் தேர் பார்க்க அண்ணாச்சி வீட்டுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. கல்லிடைக்குறிச்சிப் பெரியம்மை ஒரு கட்டு அப்பளத்தோடு முந்தின நாளே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி அன்றிரவு ஆளுக்கொரு பாட்டில் தயார் செய்து, ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய காகிதம் ஒட்டி, ஃப்ரிட்ஜ் முழுக்க அடுக்கினார். மாவுச் சட்டி பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அகதியாகப் போனது. விடிந்ததும் கூடத்தில் எல்லாருக்கும் பாட்டில் வழங்கப்பட்டது. பிள்ளைகள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தன. பெரியம்மை ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார்கள். அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் இரக்கம் தெரிந்தது.

"ஏலே, கஞ்சி ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கு? கேஸு தீந்துபோச்சாலே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அண்ணாச்சி பீட்டா குளூக்கனைத் தொடங்குவதற்குள் பெரியம்மை எல்லாப் பாட்டிலையும் திரட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள். மொத்தத்தையும் உருளியில் கொட்டி, இன்னும் கொஞ்சம் பால் விட்டு, கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிச் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டி இறக்கினார்கள். பாயசம் என்று நினைத்து எல்லாரும் இரண்டு தம்ளர் குடித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து மாவும் திரும்பி வந்தது. இட்லியும் எள்ளுப்பொடியும் நடந்தது. மறுநாள் மைதானத்தில் அண்ணாச்சி சொன்னது: "எங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் ஓட்ஸுக்கு மாறியாச்சு."

பதினொரு மணி விஷயத்தை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முருகன்குறிச்சியில் ஒரு டீக்கடை பெஞ்சில் அந்நேரம் ஓட்ஸ் அண்ணாச்சியையும் பழைய சோற்று அண்ணாச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். நடுவில் காகிதத்தில் ஆமவடை. சூடு ஆறும்வரை இருவரும் ஒன்றும் பேசுவதில்லை.

அதே பதினொரு மணிக்கு மயினி பாட்டில் கழுவிக்கொண்டிருப்பார்கள். கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பாட்டிலின் வாய் குறுகல், வளையல் போட்ட கை உள்ளே போகாது. காய்ந்த ஓட்ஸ், தேர்தல் போஸ்டர் பசையாட்டம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும். வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, மறுபடி ஊற்றிக் குலுக்கி, கடைசியில் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுக்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் சியா விதைகள் போய் ஒளிந்துகொள்ளும். அவற்றை ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் எடுக்க முடியும். பழைய சோற்று அண்ணாச்சி வீட்டிலும் மண்சட்டியைத் தேங்காய்நார் போட்டுத் தேய்ப்பவர் அந்த அண்ணாச்சி அல்ல.

வாசகர்களில் இரு கட்சி அண்ணாச்சிமாரும் இருப்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், கொலஸ்ட்ரால் இறங்கட்டும், குடல் குளிரட்டும். சாப்பிட்ட பாத்திரத்தை மட்டும் நீங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு மைதானத்துக்குப் பேச வாருங்கள். நீளக் காம்பு வைத்த பாட்டில் பிரஷ் டவுனில் எல்லாப் பாத்திரக் கடையிலும் கிடைக்கிறது. விலையும் சியா விதையைவிடக் குறைவு.